சொன்னதைச் சொன்னபடி: ஹாம் ரேடியோ பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் ஹாம் ரேடியோ தன்னார்வலர்களைப் பற்றி எழுதியிருந்தேன். புயலோ நிலநடுக்கமோ வந்து தொலைபேசி படுத்துவிடும்போது மருத்துவமனைக்கும் நிவாரண முகாமுக்கும் சுகாதாரத் துறைக்கும் நடுவே செய்தி கொண்டுபோகிறவர்கள் இவர்கள். தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தச் செலவில் ரேடியோ செட் வைத்துப் பொழுதுபோக்காக அலையில் பேசுகிறவர்கள். இவர்களைத்தான் ஹாம் என்றும் அமெச்சூர் என்றும் சொல்கிறோம். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பல வருடம் ஒரு மருத்துவமனையின் தொலைபேசி போர்டில் ஆபரேட்டராக இருந்தவள் நான். அந்த வேலையில் இருக்கும்போதுதான் ஹாம் உரிமம் வாங்கினேன். அதனால் என் பதில்களில் ரேடியோவைவிட ஆஸ்பத்திரிதான் அதிகம் வரும்.

கேள்வி: எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. செயற்கைக்கோள் இணையமும் வந்துவிட்டது. இன்னும் ஹாம் ரேடியோ எதற்கு? பழைய பொழுதுபோக்கை விட மனமில்லாமல் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது. (ஒரு பொறியியல் மாணவர்)

பதில்: சந்தேகப்படுவது சரிதான். பெரும்பாலான நாட்களில் நாங்கள் தேவையே இல்லை. பெரும்பாலான பேரிடர்களிலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் தேவை. அந்தச் சில மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்செல்லாம்.

செல்போன் கோபுரம் நின்றுகொண்டிருந்தாலே போன் வேலை செய்யும் என்று நினைக்கிறோம். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி தீர்ந்ததும் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும். கோபுரத்திலிருந்து மையத்துக்குப் போகும் ஃபைபர் கேபிள் அறுந்தாலும் கதை முடிந்தது. இது எதுவும் பழுதாகாவிட்டாலும், ஊரே ஒரே நேரத்தில் போனை எடுத்தால் நெரிசலில் யாருக்கும் லைன் கிடைக்காது. 2013ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது செல்போன் சேவை அப்படித்தான் திணறியது. ஓட்டப் பாதையோரத்து மருத்துவக் கூடாரங்களில் ஹாம்கள் தன்னார்வலர்களாக ஏற்கெனவே ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டக்காரர்களுக்கு உதவ வந்தவர்கள் அவர்கள், அன்றைக்கு அவர்கள் வேலை வேறாகிவிட்டது.

1985 செப்டம்பரில் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் தொலைபேசி இணைப்பகங்கள் நொறுங்கி, வெளி உலகத்தோடு பேச முடியாமல் போனது. அப்போது ஹாம்கள் வழியாகத்தான் ஏராளமான செய்திகள் வெளியே போயின. 2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசுவதுதான் அவர்கள் திட்டம். 26ஆம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்டும் ஆன்டெனாவும் தீவுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி சுமக்க ஆரம்பித்தன. அதே சுனாமியில் இலங்கையின் ஹாம்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை இணைப்பு ஏற்படுத்தினார்கள். 2017இல் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவின் மின்சாரத்தையும் தொலைபேசியையும் துடைத்துப் போட்டபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஹாம் தன்னார்வலர்களைக் கேட்டு வாங்கி அனுப்பியது.

செயற்கைக்கோள் இணையம் நல்ல விஷயம். எந்த மருத்துவமனை வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கும் ஒரு நிறுவனமும் ஒரு தரைநிலையமும் ஒரு கணக்கும் நடுவில் இருக்கின்றன. என் செட்டிலிருந்து உங்கள் செட்டுக்குப் போகும் அலைக்கு நடுவில் யாரும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. போன் இரண்டு பேருக்கானது. ரேடியோவில் ஒரு முறை சொன்னால் பன்னிரண்டு முகாம்களும் ஒரே நேரத்தில் கேட்கும். "குளோரின் மாத்திரை தீர்ந்துவிட்டது" என்று ஒரு முகாம் சொன்னால், உபரி வைத்திருக்கும் இன்னொரு முகாம் யாரும் கேட்காமலே கை தூக்கும். இதைப் போனில் செய்ய எத்தனை அழைப்பு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஒருநாள் போன் முழுக்கச் செத்துப்போனது. மாடிப்படியில் ஓடி ஓடியே ஓய்ந்துவிட்டோம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஹாம் வந்தால் உண்மையில் என்ன செய்வார்? (ஒரு செவிலியர்)

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லப்போகிறேன், சகோதரி. நீங்கள் ஓடிய படிகளைப் போர்டின் பக்கமிருந்து பார்த்தவள் நான்.

முதலில் ஒன்று. மருத்துவமனையில் போன் போவதற்குப் புயல் வரவேண்டியதில்லை. தெருவில் குழி தோண்டுகிறவர் கேபிளை வெட்டிவிடலாம். இணைப்பகத்தின் மென்பொருள் மக்கர் பண்ணலாம். அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து போர்டு நனையலாம். வெளியே வெயில் அடிக்கும், பக்கத்துத் தெருவில் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். உள்ளே மட்டும் பேரிடர். இதைப் புரிந்துகொண்டு கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1980இல் ஒரு ஹாம் குழு தொடங்கினார்கள். மருத்துவமனைத் தகவல்தொடர்புக்கு உதவுவது ஒன்றுதான் அதன் வேலை. போன் போனால் மருத்துவமனை அவர்களைக் கூப்பிடும், அவர்கள் கையடக்க ரேடியோவோடு வந்து இடம் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கே இடம் பிடிப்பது என்பதில்தான் பாதி அனுபவம் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கத்தின் வெளிக்கதவு, ரத்த வங்கி, ஆய்வகம், மருந்தகம், அப்புறம் நிர்வாகம் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அறை. இதில் யாருக்கு யாரோடு பேச்சு அதிகம் என்று போர்டில் இருந்த எவரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே பேச்சு ஓயவே ஓயாது. ஆகவே ஆள் குறைவாக இருந்தால் அந்த இரண்டு இடத்துக்கும்தான் முதலில் ஆள் போடவேண்டும். வரவேற்பறையில் ஒருவரை நிறுத்துவது பார்க்க அழகாக இருக்கும், அங்கே பயன் குறைவு.

இதயம் நின்றுவிட்ட நோயாளிக்காகக் குழுவை அழைக்கும் அறிவிப்புக்கு மட்டும் முன்கூட்டியே தனி ஏற்பாடு வேண்டும். எந்த வார்டில் நடந்தாலும் அங்கே நிற்கும் ஹாம் "அவசரம், அவசரம்" என்றால் மற்ற எல்லாரும் அந்த நொடியே வாய் மூடவேண்டும். ஒத்திகையில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகவேண்டும்.

சரி, வந்து நின்ற ஹாம் என்ன செய்கிறார்? பேசுவதைவிட எழுதுகிறார். இது பலருக்குத் தெரியாது. மருத்துவர் வாயால் சொல்வதைக் கேட்டு நாங்கள் வாயால் சொல்வதில்லை. ஒரு படிவம் இருக்கிறது. அதில் வரிசை எண், முக்கியத்துவம், யாரிடமிருந்து, யாருக்கு, செய்தி, நேரம், அனுப்புகிறவர் கையெழுத்து. ஒரு உதாரணம் தருகிறேன்:

எண் 14. முன்னுரிமை. அவசர சிகிச்சைப் பிரிவுப் பொறுப்பு மருத்துவரிடமிருந்து ரத்த வங்கிப் பொறுப்பாளருக்கு. ஓ நெகட்டிவ் ஆறு யூனிட், 18.30 மணிக்குள். நேரம் 17.42.

அவ்வளவுதான். இதை அப்படியே படிக்கிறோம். எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொண்டு திருப்பிப் படிக்கிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறோம். இரைச்சலில் 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும், 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்றால் குழப்பம் வராது. மருந்துப் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டித்தான் அனுப்புவோம். அதிலும் பி, டி என்று வெறும் எழுத்தாகச் சொல்லாமல் பிராவோ, டெல்டா என்று சர்வதேச ஒலிப்பு முறையில் சொல்வோம். மில்லிகிராமா மைக்ரோகிராமா என்பதைச் சுருக்கவே கூடாது. ஆயிரம் மடங்கு வித்தியாசம் அது.

இந்த வேலையில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. செய்தியைத் திருத்தக் கூடாது. நல்ல மனசோடுகூடத் திருத்தக் கூடாது. மேலே உள்ள செய்தியில் "ரொம்ப அவசரம், சீக்கிரம் அனுப்புங்கள்" என்று ஒரு ஹாம் தன் பங்குக்குச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த வங்கியில் இருப்பவர் அதை மருத்துவரின் சொல் என்று எடுத்துக்கொள்வார். இன்னொரு வார்டுக்கு ஒதுக்கியதை எடுத்து இங்கே அனுப்பிவிடக்கூடும். அந்த முடிவு நம்முடையதல்ல. அதேபோல, செய்தி புரியவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது, எழுதியவரிடமே திரும்பிப் போய்க் கேட்கவேண்டும். அவர் எரிச்சல்படுவார். படட்டும்.

போர்டில் இருந்த காலத்தில் ஒரு மூத்த ஆபரேட்டரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: லைனில் கேட்டது உன் காதுக்கு வந்த செய்தி இல்லை, வழிப்போக்காக வந்தது. ஹாம் வகுப்புகளில் நான் சொல்லித் தருவதில் முதல் பாடமும் அதுதான். ரேடியோவின் பட்டன்கள் இரண்டாவது வாரம்தான்.

கேள்வி: திறந்த அலைவரிசையில் நோயாளியின் விவரங்களைச் சொல்வதை நான் எப்படி அனுமதிக்க முடியும்? (பெயர் வெளியிட விரும்பாத மருத்துவ அலுவலர்)

பதில்: அனுமதிக்காதீர்கள். எங்களை அழைக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

ரேடியோவில் போவதை, செட் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்கள் பொருளை மறைக்கும் சங்கேதத்தில் பேசிக்கொள்ளக் கூடாது என்று சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. பல நாடுகள் உள்நாட்டிலும் அதே விதியைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே ரகசியம் காக்க எங்களிடம் பூட்டு எதுவும் இல்லை. விண்லிங்க் என்று ரேடியோ வழியாக மின்னஞ்சல் அனுப்பும் முறை ஒன்று உண்டு. காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் அது பாதுகாப்பானது என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் திறந்த அஞ்சல்தான்.

நடைமுறையில் வழி இருக்கிறது. பெயருக்குப் பதில் படுக்கை எண்ணோ, மருத்துவமனை கொடுத்த வரிசை எண்ணோ போகட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் காகிதத்தில் இரு முனையிலும் இருக்கட்டும். கட்டிடத்துக்குள்ளேயே என்றால் பெயர் உள்ள தாளை ஒரு ஆள் கையில் கொடுத்து அனுப்புங்கள், "தாள் வருகிறது" என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம். இறந்தவர் விவரத்தை ரேடியோவில் குரலாக அனுப்ப நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வீட்டில் செட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் அதைக் கேட்க நேரலாம்.

படுக்கை காலி எண்ணிக்கை, ஆக்சிஜன் இருப்பு, ஆம்புலன்ஸை எங்கே திருப்புவது, எத்தனை யூனிட் ரத்தம், ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல்: பேரிடரின் முதல் நாளில் மருத்துவமனைக்கு வெளியே போகவேண்டிய செய்திகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். இதில் யார் பெயரும் வராது.

கேள்வி: ஹாம் ஆக மோர்ஸ் கோடு தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில் நீக்கப்பட்டது. அதன்பின் பெரும்பாலான நாடுகள் தேர்விலிருந்து எடுத்துவிட்டன. தெரிந்தால் நல்லது. குரல் புரியாத பலவீனமான சிக்னலிலும் மோர்ஸ் புரியும்.

கேள்வி: பேரிடர் சரி, அன்றாடப் பொதுச் சுகாதாரத்தில் உங்களுக்கு என்ன வேலை? தொற்றுநோய் வந்தால் போன் ஒன்றும் கெடாதே. (ஒரு சுகாதார ஆய்வாளர்)

பதில்: உண்மை. 2020இல் கொரோனா வந்தபோது போனும் இணையமும் எங்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்போது நாங்கள் செய்தது வேறு. பிரிட்டனின் வானொலிக் கழகமும் அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையும் சேர்ந்து, தனிமையில் அடைபட்டிருந்தவர்களோடு அலையில் பேசுங்கள் என்று ஹாம்களை அழைத்தன. வயதான, தனியாக வாழும் ஹாம்கள் நிறையப் பேர் உண்டு. தினமும் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லாரும் அலைக்கு வந்து பெயர் சொல்வது என்று வைத்துக்கொண்டால், வராதவர் யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். இதையும் நான் பொதுச் சுகாதார வேலை என்றே சொல்வேன்.

ஆனால் உங்கள் துறைக்கு ஹாம் உண்மையாகப் பயன்படுவது பேரிடருக்கு மறுவாரத்தில். வெள்ளம் வடிந்ததும்தான் உங்கள் வேலை தொடங்குகிறது இல்லையா? எந்த முகாமில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்ற கணக்கு தினமும் மையத்துக்கு வரவேண்டும். அது இரண்டு நாள் தாமதமானால் நோய் இரண்டு நாள் முந்திக்கொள்ளும். மீட்புப் படை கிளம்பிவிட்டது, தொலைக்காட்சியும் போய்விட்டது, கோபுரங்கள் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அந்த இடைவெளியில் ஒவ்வொரு முகாமிலும் ஒரு ஹாம் உட்கார்ந்து, மாலையில் ஒரே படிவத்தில் ஆறேழு எண்களை அனுப்பினால் போதும். வயிற்றுப்போக்கு இத்தனை, காய்ச்சல் இத்தனை, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மிச்சம் இத்தனை, தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை எத்தனை டிகிரி. குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள ஒருவர் படகில் வந்து போகவேண்டியதில்லை.

இந்த வேலையில் சாகசம் எதுவும் கிடையாது, ஒருவரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்களில் நிறையப் பேரை நான் இதற்குத்தான் பழக்க விரும்புகிறேன்.

கேள்வி: இணையத்தில் ஒரு வாக்கி டாக்கி வாங்கி வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு அது போதாதா? எதற்கு உரிமம், தேர்வு? (ஒரு இளைஞர்)

பதில்: ஹாம் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் அதன் பட்டனை அழுத்திப் பேசுவது கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் குற்றம், தம்பி. கேட்கத் தடை உண்டா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உயிர் போகும் ஆபத்தில் சிக்கிய ஒரு நிலையம் கையில் கிடைத்த எந்த வழியிலும் உதவி கேட்பதைத் தங்கள் விதி எதுவும் தடுக்காது என்று சர்வதேச ஒழுங்குவிதிகளிலேயே இருக்கிறது. அதை நம்பி நீங்கள் பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்த நாளில் என்ன நடக்கும்? எந்த ஃப்ரீக்வென்சியில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாது. ரிப்பீட்டருக்கு (நம் பேச்சை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் கருவி) அதைத் திறக்க என்ன டோன், அதாவது ஒலிக்குறி, வைக்கவேண்டும் என்று தெரியாது. பேட்டரி எப்போதோ இறங்கியிருக்கும். தேர்வுக்குப் படிப்பதும் வாராவாரம் நெட்டில் (குழுவினர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) கலந்துகொள்வதும் இந்த மூன்றையும் பழக்கமாக்கிவிடும். படியுங்கள். வாங்கிய செட் வீணாகாது.

கேள்வி: இந்த ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும்? ஒருவர் ஐந்து கிலோமீட்டர் என்கிறார், இன்னொருவர் கண்டம் விட்டுக் கண்டம் என்கிறார்.

பதில்: இரண்டு பேரும் சரி. அலைவரிசையைப் பொறுத்தது.

கையடக்க செட் பெரும்பாலும் 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்யும், சக்தி ஐந்து வாட் இருக்கும். அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கட்டிடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர்தான். மலை உச்சியிலோ உயரமான கட்டிடத்திலோ ஒரு ரிப்பீட்டர் இருந்து, நாம் சொல்வதை வாங்கித் திருப்பி ஒலிபரப்பினால் பத்து மடங்கு தூரம்கூடப் போகும். ஆனால் ரிப்பீட்டரும் பேட்டரியில் ஓடுவதுதான், அதுவும் விழலாம். அதனால் ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசியும் பழகவேண்டும். எந்த மருத்துவமனை மாடியிலிருந்து எந்த முகாம் கேட்கும், எது கேட்காது என்று சாதாரண நாளிலேயே நடந்து பார்த்து வரைபடத்தில் குறித்து வைத்திருக்கும் குழுவை நான் மதிக்கிறேன்.

3.5, 7, 14 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள சிற்றலைகள் வேறு ரகம். அவை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகின்றன. கண்டம் தாண்டுவது இவைதான். பேரிடரில் எங்களுக்குக் கண்டம் தாண்டவேண்டியதில்லை, பக்கத்து மாவட்டம் வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கம்பி ஆன்டெனாவை உயரத் தூக்காமல் தரையிலிருந்து சில மீட்டரிலேயே கட்டினால் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், சுற்றிலும் முந்நூறு நானூறு கிலோமீட்டருக்கு மழைபோல் இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. பகலில் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்), இரவில் 80 மீட்டர் பேண்ட் (3.5 மெகாஹெர்ட்ஸ்) என்பது பொதுவான கணக்கு. இரண்டு மரமும் ஒரு கம்பியும் ஒரு கார் பேட்டரியும் போதும்.

பேட்டரி பற்றிக் கேட்ட இன்னொரு வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 100 வாட் செட் வெறுமனே கேட்கும்போது ஒரு ஆம்பியர் அளவுதான் இழுக்கும், முழுச் சக்தியில் பேசும்போது இருபது ஆம்பியர் வரை போகும். பேச்சைக் குறைத்துச் சக்தியையும் குறைத்தால் ஒரு பேட்டரி நாள் முழுக்க வரும். சுருக்கமாகப் பேசுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ரேடியோ அலை மருத்துவக் கருவிகளைக் குழப்பாதா? (அதே செவிலியர்)

பதில்: குழப்பலாம். மானிட்டர், வென்டிலேட்டர், மருந்து செலுத்தும் பம்ப் இவற்றின் பக்கத்தில் நின்று ஐந்து வாட் செட்டில் பேசுவதை யாரும் செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான ஹாம் கதவுக்கு வெளியே நிற்கட்டும். தாள் உள்ளேயும் வெளியேயும் போய் வரட்டும். சக்தியைக் குறைந்த அளவில் வைத்தாலே ஒரு கட்டிடத்துக்குள் பேச முடியும். எந்தெந்த இடத்தில் நிற்கலாம் என்பதை உங்கள் கருவிப் பராமரிப்புப் பொறியாளரோடு ஒத்திகை நாளில் சேர்ந்து நடந்து, கருவிகளைப் பார்த்துக்கொண்டே பேசிச் சோதிப்பதுதான் முறை.

இன்னும் நல்லது, மொட்டை மாடியில் நிரந்தரமாக ஒரு ஆன்டெனா. அதிலிருந்து ஒரு கேபிள், கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு சாக்கெட்டில் வந்து முடியட்டும். கான்கிரீட்டுக்கும் இரும்புக்கம்பிக்கும் நடுவே கையடக்க செட் திணறும். மாடியில் ஆன்டெனா இருந்தால் வருகிறவர் செட்டைச் செருகி ஐந்து நிமிடத்தில் பேசுவார். இல்லாவிட்டால் மழையில் மாடியேறிக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்.

கேள்வி: என் மகன் போன வருடம் உரிமம் வாங்கினான். எங்கே வெள்ளம் என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

பதில்: அம்மா, அவன் மனசு நல்லது. ஆனால் யாரும் கூப்பிடாமல் கிளம்பக் கூடாது. இது உங்கள் பயத்துக்காக நான் சொல்வதல்ல, பொறுப்பான ஹாம் குழுக்கள் எல்லாவற்றிலும் இதுதான் விதி. கூப்பிடாமல் போய் நிற்கும் ஒருவருக்கு அங்கே சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம் எல்லாம் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் போகவேண்டியது அது. அவன் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் அவன் கையில் செய்தியைக் கொடுக்கவும் மாட்டார்கள்.

முதலில் வீடு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்தது குழுவின் நெட்டில் "நான் தயார்" என்று பதிவு செய்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது. அழைப்பு வந்தால் குறைந்தது இரண்டு பேராகப் போவது. ஒருவர் பேசினால் இன்னொருவர் எழுதுவார், ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருப்பார். மூன்று நாளுக்குத் தன் சாப்பாடு, தண்ணீர், மருந்து தன் பையிலேயே இருக்கவேண்டும். மகனிடம் இதைக் காட்டுங்கள். அப்புறம் பையில் என்ன வைத்திருக்கிறான் என்று ஒருநாள் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று ரேடியோவும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அங்கே போனால் கேட்கக் கூடாததெல்லாம் காதில் விழும். திரும்பி வந்ததும் யாரிடமாவது பேசவேண்டும். நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: இதற்குப் பணம் உண்டா?

பதில்: இல்லை. அமெச்சூர் சேவையின் சர்வதேச வரையறையிலேயே ஆதாய நோக்கம் இல்லாதவர்கள் என்று இருக்கிறது. பணம் வாங்கினால் அந்தக் கணமே நாம் ஹாம் இல்லை.

கேள்வி: எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. முட்டி வலி. ஓடியாட முடியாது. நான் இதில் சேர்வதில் அர்த்தம் உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்களுக்குத்தான் இதில் மிகப் பெரிய நாற்காலி காத்திருக்கிறது. நெட் கண்ட்ரோல் என்று அதற்குப் பெயர். ஒரு அலைவரிசையில் இருபது பேர் இருந்தால், யார் எப்போது பேசுவது என்று ஒருவர் ஒழுங்குபடுத்த வேண்டும். அவசரச் செய்தி இருப்பவரை முன்னால் விட்டு, நலம் விசாரிக்கும் செய்திகளைக் கொஞ்சம் காக்க வைத்து, யாரும் யார்மேலும் ஏறிப் பேசாமல் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் நேரத்தோடு எழுதவேண்டும். வீட்டு மேசையிலிருந்தே செய்யலாம். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கை தூக்கும் வகுப்பை நடத்திய ஒருவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குரல் பதறக் கூடாது, அவ்வளவுதான். நெட் கண்ட்ரோல் பதறினால் இருபது பேரும் பதறுவார்கள்.

கேள்வி: எங்களிடம் பத்துப் பேர் கொண்ட ஹாம் குழு இருக்கிறது. மருத்துவமனையையும் சுகாதார அலுவலகத்தையும் அணுகினோம். "தேவைப்பட்டால் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: அணுகியபோது என்ன பேசினீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் செட்கள், ஆன்டெனா, எத்தனை நாடுகளோடு பேசியிருக்கிறீர்கள் என்பது. அந்த அலுவலருக்கு இது எதுவும் வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது ரேடியோவை எடுத்துப் போகவேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் போதும். "போன் ஆறு மணி நேரம் இல்லை என்றால், உங்களுக்கு முதலில் யாரோடு பேசவேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் பட்டியல்தான் உங்கள் திட்டம். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை, ஆக்சிஜன் தருகிறவர், ரத்த வங்கி, பக்கத்து மருத்துவமனை என்று ஐந்தாறு இடம் வரும். அந்த இடங்களுக்கு உங்கள் பத்துப் பேரால் இணைப்புக் கொடுக்க முடியுமா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். முடியாத இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அதுதான் அவர் உங்களை நம்ப ஆரம்பிக்கும் இடம்.

பிறகு ஒரு பக்கத்தில் எழுத்தில் ஒப்பந்தம். யார் கூப்பிடுவார், எந்த எண்ணில், போனே இல்லாவிட்டால் எப்படிக் கூப்பிடுவார் (இதை மறந்துவிடுகிற குழுக்கள் உண்டு), வந்தவர்கள் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள், அடையாள அட்டை யார் தருவார். இவை போதும். உங்கள் நாட்டு விதி அவசரகாலத்தில் மற்றவர் செய்தியைச் சுமக்க அமெச்சூர்களை எந்த அளவு அனுமதிக்கிறது என்பதையும் படித்து, அந்த விதியின் நகலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அலுவலர்களுக்கு அது தைரியம் தரும்.

ஒத்திகையை உங்கள் வசதிக்கு ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். மருத்துவமனைகள் தாங்களே பேரிடர் ஒத்திகை நடத்துவது உண்டு. அதில் ஒரு மூலையில் இடம் கேளுங்கள். இரவுப் பணிக்காரர்களோடும் ஒருமுறை செய்யுங்கள். அவர்களை யாரும் சேர்த்துக்கொள்வதே இல்லை, போனோ இரவிலும் போகும். ஒத்திகை முடிந்ததும் எந்தச் செய்தி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, எது தவறாகப் போனது என்று லாக் புத்தகத்தைப் பிரதியெடுத்து மறுநாளே அவர் மேசையில் வைத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.